மூன்றரைத் துளை

உச்சிப்புளி தாண்டி
உடைமரங்களுக்கு நடுவில் என் கேட்.
சேது எக்ஸ்பிரஸ் போய்
மதுரைப் பாசஞ்சர் வர நாற்பது நிமிடம்.
நாற்பதுக்குள் ஒரு துளை
என்று கணக்கு வைத்திருந்தேன்.

டூட்டிச் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பட்டன்
போன வாரம் எங்கோ தண்டவாளத்தோரம் விழுந்தது.
ராமநாதபுரத்தில் மூன்று கடை ஏறினேன்,
அந்த வெள்ளை இல்லை.
பூமயில் அக்கா ஷிப்ட் மாறும்போது
தன் வளையலில் கிடந்த ஊக்கைக் கழற்றித் தந்தாள்.
பச்சைக்கொடி தூக்கும்போதெல்லாம்
அது நெஞ்சில் குத்தியது.

கேட் ரூமில் சோப்பு வைத்திருந்த முத்துச்சிப்பியை
ரம்பத் துண்டால் அறுத்தேன்.
கருங்கல் ஜல்லியில் தேய்த்துத் தேய்த்து
பதினோரு மில்லிக்கு ஒரு வட்டம்.
வட்டம் சுலபம். பட்டன் ஆக
நான்கு துளை வேண்டும்.

பின் வைஸ் பேனாவைவிடக் குட்டை.
உள்ளங்கையில் பதிய ஒரு சுழல்தொப்பி,
மூக்கில் நான்கு தாடை,
தாடை கவ்வியிருப்பது
ஈர்க்கு நுனியைவிடச் சன்னமாய் ஒரு பிட்.
கரண்ட் கேட்காது, சத்தம் போடாது.
ஸ்டேஷனிலிருந்து போன் அடித்தால் கேட்கும்.
வாங்கியதே அதற்காகத்தான்.

ஊசியால் முதலில் ஒரு புள்ளி.
புள்ளியில் ஒரு சொட்டுத் தண்ணீர்.
பிறகு வலமாக, வலமாக,
இடமாய்ச் சுற்றினால் சும்மா தடவும்.
இந்தக் கடலில்
லட்சத்தில் ஒரு சங்குக்கு வாய்க்கும் புரி
எனக்குப் பத்து வந்தது
நூற்றெண்பது ரூபாய்க்கு, டப்பாவோடு.

அழுத்தக் கூடாது.
அதுதான் என் கைக்கு விளங்கவில்லை.
கேட் இறக்க வின்ச்சைச் சுற்றும் கை இது,
முப்பது சுற்று, தோளிலிருந்து.
அதே கையிடம்
மூச்சு விடுகிற அளவுக்குச் சுற்று என்றால்?
முதல் வில்லை இரண்டாய்ப் பிளந்தது.
அடுத்தது மூன்றாய்.

மூன்றாவது வில்லையில்
ஒன்று விழுந்தது, அடியில் வெளிச்சம்.
சரக்கு வண்டி தாமதமான இரவில் இரண்டாவது.
கரண்ட் போன இரவில், டார்ச்சைப் பல்லில் கடித்து
மூன்றாவது.
நாலாவதில் பாதி இறங்கியிருந்தேன்.
போன் அடித்தது.

டிக்.
நகம் ஒடியும் சத்தம்கூட இல்லை.
பிட்டின் முனை சிப்பிக்குள்ளேயே நின்றுவிட்டது.
நம்பரை எழுதி, வின்ச்சைச் சுற்றி,
பச்சை விளக்கோடு வெளியே நின்றேன்.
தூங்கும் யாத்திரிகர்கள்
ஜன்னல் ஜன்னலாகப் போனார்கள்.
திரும்பி வந்தால்
மேசையில் இருந்த வெள்ளைத் தூளை
ரயில் காற்று துடைத்திருந்தது.

காலையில் வீட்டுக்குப் போகாமல்
அரியமான் கரைக்கு நடந்தேன்.
ஒதுங்கிக் கிடந்த மட்டி ஓட்டில்
மூட்டுப் பக்கம் ஒரு துளை.
வாய் அகலம், அடி குறுகல்,
விளிம்பில் ஒரு கீறல் இல்லை.
நத்தை வேலை.
மேலே ஏறி உட்கார்ந்து
எச்சில் விட்டு, நாக்கால் அராவி
நாள்கணக்கில் போடுமாம்.
உள்ளே இருந்தது
அத்தனை நேரமும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கும்.
ஓட்டைக் கண்ணருகே வைத்துப் பார்த்தேன்.
ஒரு வள்ளத்தின் கால்வாசி தெரிந்தது.
பையில் போடவில்லை. போட்டுவிட்டு வந்தேன்.

மூன்று துளையில் முக்கோணமாய் நூல் ஓட்டி
பட்டனைத் தைத்தேன்.
நாலாவதில் இரும்பு அடைத்திருந்தது.
உப்புக் காற்று எட்டே நாளில் கண்டுபிடித்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் வந்தார்.
ரிஜிஸ்டர் பார்த்தார், விளக்கு பார்த்தார்,
கொடி இரண்டையும் விரித்துப் பார்த்தார்,
கடைசியில் சட்டையைப் பார்த்தார்.
"என்னம்மா, காப்பிக் கறையா?"
"துரு சார்."
எதையோ எழுதப் போய், எழுதாமல் மூடினார்.

டப்பாவில் இன்னும் ஒன்பது பிட் இருக்கிறது.
இடது கை மணிக்கட்டுப் பட்டன்
இரண்டு நாளாய் ஒற்றை நூலில் ஆடுகிறது.
தைக்கலாம்.
அறுந்து விழட்டும் என்று
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.